துப்பாக்கி ஏந்தாதவருக்கும் பயன்படுமா? ‘பி.டி.எஸ்.டி. கோச்’ செயலி: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையைச் சேர்ந்த பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்) தேசிய மையம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையுடன் சேர்ந்து உருவாக்கி 2011இல் வெளியிட்ட கைப்பேசிச் செயலி ‘பி.டி.எஸ்.டி. கோச்’. போர், விபத்து, வன்முறை போன்ற பேரதிர்ச்சிகளுக்குப் பிறகு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும் மனப்பாதிப்பை ஒருவர் தாமே கண்காணிக்கவும், அது தலைதூக்கும் நேரத்தில் சமாளிக்கவும் உதவுவது இதன் நோக்கம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. விலை இல்லை, விளம்பரம் இல்லை, பெயரோ மின்னஞ்சலோ கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. பதினான்கு மாதங்களாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். படைவீரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஒன்றைப் படையில் ஒருநாளும் சேராத நான் மதிப்பிடலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அந்தத் தயக்கமே இந்த மதிப்புரையின் பாதி விஷயம் என்பதால், என் பின்னணியைச் சற்று விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

2009 இறுதியிலிருந்து 2012 வரை ஆப்கானிஸ்தானின் காந்தகார் விமானத்தளத்தில், உணவுக்கூடத்துக்குச் சரக்கு வழங்கும் கிடங்கில் பண்டகக் காப்பாளராக இருந்தேன். மும்பை ஏஜெண்ட், பிறகு துபாய், அங்கிருந்து தளம் என்பதுதான் எங்களில் பலர் போய்ச் சேர்ந்த வழி. சமையல், சலவை, துப்புரவு, லாரி ஓட்டுதல் ஆகிய வேலைகளைப் பார்த்த இந்தியர், இலங்கையர், நேபாளியர், பிலிப்பைன்ஸ்காரர் அனைவருக்கும் அங்கே ‘மூன்றாம் நாட்டவர்’ என்று பொதுப்பெயர். ஆப்கானிஸ்தான் போரின் சில ஆண்டுகளில் அமெரிக்கப் படைவீரர்களைவிட ஒப்பந்தத் தொழிலாளர்களே எண்ணிக்கையில் மிகுதியாக இருந்தார்கள். ராக்கெட் வரும்போது சைரனோடு, பிரிட்டன் உச்சரிப்பில் ஒரு பெண் குரல் ‘ராக்கெட் அட்டாக்’ என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும். நின்ற இடத்திலேயே குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் கிடந்து, பிறகு கான்கிரீட் பங்கருக்குள் ஓடி, ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். 2010 மே 22 இரவு ராக்கெட்டுகளோடு தளத்தின் எல்லையில் தரைவழித் தாக்குதலும் நடந்தது. அன்று அரிசி மூட்டைகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் கிடந்தேன் என்பதை இன்றுவரை என்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியவில்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் தொந்தரவு தொடங்கியது. எங்கள் ஊரில் நகராட்சிக் கட்டடத்தின் மேலிருந்து நண்பகலில் சங்கு ஊதும். சிறு வயதிலிருந்து அதைக் கேட்டுத்தான் சோற்றுக்கு வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். அதே சங்கு ஒலித்தபோது கடைத்தெருவில், மிதிவண்டியை விட்டுவிட்டுச் சாக்கடை ஓரம் குப்புறப் படுத்தேன். பார்த்தவர்கள் வலிப்பு என்று எண்ணிக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். சாவு ஊர்வலத்தில் வேட்டுப் போடுவார்கள் என்பதற்காக நெருங்கிய உறவினர் இருவரின் இறுதிச் சடங்குக்குப் போகாமல் இருந்தேன். அந்த மனத்தாங்கல் குடும்பத்தில் இன்னும் ஆறவில்லை. இரவில் இரண்டு மணிக்கு மேல் தூக்கம் இல்லை. பெரியப்பா ஒருவர், ‘நீ அங்கே சோற்று மூட்டைதானே எண்ணினாய், சண்டை போட்டவனைப்போல ஏன் நடுங்குகிறாய்?’ என்று கேட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அதே கேள்வியைத்தான் நானும் என்னிடம் பத்தாண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தேன். துப்பாக்கி தூக்கியவனுக்கு வரவேண்டிய நோய் கரண்டியும் பேரேடும் தூக்கியவனுக்கு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள நாணினேன்.

அந்த நாணத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை மிகப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம், போர்ப்பகுதிகளில் பணியாற்றிய ஒப்பந்தப் பணியாளர் 660 பேரிடம் விசாரித்து 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் நான்கில் ஒருவருக்கு பி.டி.எஸ்.டி. இருக்கக்கூடும் என்று காட்டும் அறிகுறிகளும், நூற்றுக்கு 18 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், ஏறத்தாழப் பாதிப்பேரிடம் கேடு விளைவிக்கும் அளவுக்கு மதுப்பழக்கமும் இருந்தன. பி.டி.எஸ்.டி. அறிகுறி கொண்டவர்களிலும் அதற்கு முந்தைய ஓராண்டில் சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கு 28 பேர் மட்டுமே. பாதிப்பு மிகக் கூடுதலாகத் தென்பட்டது ஆயுதம் ஏந்திய பாதுகாவலர்களிடம் அன்று, போக்குவரத்து வேலை பார்த்தவர்களிடம். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கரும் பிரிட்டானியரும்தாம். எங்கள் சமையற்கூடத்து ஆட்களிடம் அப்படி யாரும் வந்து கேட்டதில்லை.

இனிச் செயலிக்கு வருகிறேன். அதில் நான்கு பகுதிகள் உண்டு: நோயைப் பற்றித் தெரிந்துகொள்வது, அறிகுறிகளைக் கண்காணிப்பது, அறிகுறி வரும்போது சமாளிப்பது, உதவி தேடுவது. முதற்பகுதி தெளிவாக எழுதப்பட்ட சிறு கட்டுரைகளின் தொகுப்பு. ஒருமுறை படித்தால் போதும். செயலியின் உயிர் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது.

கண்காணிக்கும் பகுதியில் 20 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. மனநல மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ‘பி.சி.எல்.-5’ என்ற வினாத்தாளே இது. கடந்த ஒரு மாதத்தில் வேண்டாத நினைவுகள், கெட்ட கனவுகள், திடுக்கிடல், சிலவற்றைத் தவிர்த்தல், எரிச்சல், உறக்கமின்மை, பிறரிடமிருந்து ஒதுங்கிப்போதல் ஆகியவை எந்த அளவுக்குத் தொல்லை தந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண் இடச் சொல்கிறது. மொத்தம் 80. பொதுவாக 31 முதல் 33க்கு மேல் போனால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று கொள்கிறார்கள். முதல் நாள் என் எண்ணிக்கை 47. எண்ணைவிட என்னைப் பாதித்தது வேறொன்று. இருபது கேள்விகளையும் முடித்த பிறகு, நீ எந்தப் படைப்பிரிவில் இருந்தாய், யாரைச் சுட்டாய், உன்னை யார் சுட்டார்கள் என்ற கேள்வி எங்கேனும் வருகிறதா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். வரவில்லை. என்ன வேலை பார்த்தாய் என்று அந்தத் தாள் கேட்கவே இல்லை. தூங்கினாயா என்று மட்டும் கேட்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இந்த நோய்ப்பெயர் முதன்முதலாக ஏற்கப்பட்டபோது வியட்நாம் போர் முடிந்து திரும்பிய வீரர்களின் கோரிக்கை அதற்குப் பெரிய காரணமாக இருந்தது என்பது வரலாறு. ஆனாலும் நோயின் இலக்கணத்தில் சீருடைக்கு இடம் இல்லை என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது இந்த வினாத்தாள்தான்.

வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ இதை நிரப்பினால் எண்கள் வரைபடமாகச் சேர்ந்துகொண்டே வரும். மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனபோது, ‘எப்படி இருக்கிறது?’ என்று மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் ‘பரவாயில்லை டாக்டர்’ என்பதற்கு மேல் எனக்கு வாய் வந்ததில்லை. அந்த வரைபடத்தைக் காட்டத் தொடங்கிய பிறகு, எந்தக் கேள்வியில் மதிப்பெண் குறையாமல் நிற்கிறது என்று அவரே பார்த்து அதைப் பற்றி மட்டும் கேட்டார். வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கும் புறநோயாளிப் பிரிவில் இது சிறிய உதவி அன்று. ஒன்றை மறக்கக் கூடாது: செயலி தருவது நோய் உண்டா இல்லையா என்ற தீர்ப்பு ஆகாது. அதைச் செயலியே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. நான் அதை நம்பத் தொடங்கியதற்கு அந்த அடக்கமும் ஒரு காரணம்.

சமாளிக்கும் பகுதியைத் திறந்தால் என்ன தொல்லை என்று முதலில் கேட்கும். பழையது நினைவுக்கு வந்துவிட்டதா, கோபமா, உறக்கம் வரவில்லையா, எதிலும் ஒட்டாமல் இருக்கிறதா என்ற பட்டியலில் ஒன்றைத் தொட்டால், வேதனை எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் குறிக்கச் சொல்லும். பிறகு ஒரு பயிற்சியைத் தரும். மூச்சுப் பயிற்சி, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது, கண்முன் இருக்கும் பொருள்களைத் தொட்டும் பெயர் சொல்லியும் இந்த நொடிக்குத் திரும்புவது எனப் பல உண்டு. முடிந்ததும் வேதனையை மீண்டும் குறிக்க வேண்டும்.

எனக்கு அதிகம் உதவியது மூன்று படிகள் கொண்ட ஒரு பயிற்சி. முதலில் உடலைத் தளர்த்து, அடுத்து எது கிளப்பிவிட்டது என்று கண்டுபிடி, பிறகு என்ன செய்வதென்று முடிவெடு என்பதே அது. நடுப்படியில் கேட்கப்படும் கேள்விதான் முக்கியமானது: அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் என்ன வேறுபாடு? நண்பகல் சங்கு ஊதும் நேரத்தில் வேண்டுமென்றே தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் செய்யப் பழகினேன். அங்கே தரை சரளைக்கல். இங்கே சிமெண்டுத் தளம், அதில் சிந்திய தேநீர். அங்கே சைரன் கேட்டதும் எல்லாரும் விழுவார்கள். இங்கே ஒருவரும் தலையைக்கூடத் திருப்பவில்லை, கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார். அங்கே சைரனுக்குப் பின் பெண் குரல் வரும்; இங்கே சங்குக்குப் பின் பள்ளிக்கூட மணி. வேறுபாடுகளை இப்படி எண்ணிக்கொண்டே போனால் நான்காவது அல்லது ஐந்தாவதில் மூச்சு சீராகிவிடும். இதற்குச் செயலி எதற்கு என்று கேட்கலாம். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் அடுத்த படி எது என்பது நினைவுக்கு வராது. அப்போது திரையில் எழுதி வைத்திருப்பதற்கு மதிப்பு உண்டு.

மொழிதான் பெரிய தடை. செயலி தமிழில் இல்லை. என் ஆங்கிலம் சரக்குப் பட்டியலுக்கும் மின்னஞ்சலுக்கும் போதுமானது. ‘எதிலும் ஒட்டாமை’ போன்ற உணர்ச்சிகளைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்களை முதல் வாரம் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். மகளிடம் அப்படிக் கேட்க நேர்ந்ததில் ஒரு சங்கடமும் இருந்தது, அதைவிடப் பெரிய ஒரு நன்மையும் இருந்தது என்பதோடு விட்டுவிடுகிறேன். இன்னொரு சிக்கல் என்னைப் போன்றவர்களுக்கே உரியது, அதற்குச் செயலியைக் குற்றம் சொல்ல முடியாது: ஒலிபெருக்கியிலிருந்து நிதானமாக வரும் பதிவு செய்த ஆங்கிலக் குரல் என்றாலே என் உடம்பு தரையைத் தேடும். அமைதிப்படுத்த வரும் குரலே அபாய அறிவிப்பாகக் கேட்டால் என்ன செய்வது? நல்லவேளையாக, நம் கைப்பேசியில் இருக்கும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் செயலிக்குள் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. மூச்சுப் பயிற்சியின் படிகளை மகள் தமிழில் எழுதி, தன் குரலிலேயே நான்கு நிமிடம் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். ‘அப்பா, மூச்சை உள்ளே இழுங்க’ என்று தொடங்கும் அந்தப் பதிவுதான் இப்போது என் செயலியின் முதன்மைக் கருவி.

பயிற்சிகளை ஏற்பதும் தள்ளுவதும் நம் கையில் இருப்பதையும் பாராட்ட வேண்டும். கற்பனைக் காட்சிகளில் கடற்கரை, காடு, நாட்டுப்புறச் சாலை என்று மூன்று உண்டு. என்னோடு தளத்தில் இருந்த எரிபொருள் லாரி ஓட்டுநர் ஒருவருக்குச் செயலியைப் பரிந்துரைத்தபோது, ஆளரவமற்ற நாட்டுப்புறச் சாலையைக் கற்பனை செய்து அமைதி அடையுமாறு சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். ஆளில்லாத சாலை என்றால் அவருக்குச் சாலையோரத்தில் புதைத்த வெடிகுண்டு என்றுதான் பொருள். பிடிக்கவில்லை என்று ஒருமுறை குறித்தால் அந்தப் பயிற்சியைச் செயலி ஒதுக்கிவிடும். அவர் கடற்கரையோடு நிறுத்திக்கொண்டார்; சொந்த ஊர் மணப்பாடு என்பதால் அதற்குக் கற்பனையும் அதிகம் தேவைப்படவில்லை.

இது உண்மையில் பலன் தருகிறதா என்பதற்கு என் எண்ணிக்கை மட்டும் சான்றாகாது. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், படையைச் சேராத பொதுமக்களில் பேரதிர்ச்சிக்கு உள்ளான 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று மாதம் இந்தச் செயலியைக் கொடுத்தும் மற்றொன்றைக் காத்திருக்க வைத்தும் ஒப்பிட்டார்கள். செயலியைப் பெற்றவர்களிடம் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டதுதான் இது. மருத்துவர் தரும் சிகிச்சையோடு அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதிர்ச்சி நினைவை நேருக்கு நேர் எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சைகளுக்கும், தேவைப்பட்டால் மருந்துக்கும் ஈடாக இதை யாரும் முன்வைக்கவில்லை.

என் மருத்துவர் கொடுத்த எச்சரிக்கை ஒன்றை இங்கே சேர்க்காவிட்டால் இந்த மதிப்புரை குறைபட்டுவிடும். தொடக்கத்தில் ஒரு சிறு அதிர்வு வந்தாலும் கூட்டத்திலிருந்து விலகிப் போய், கைப்பேசியை எடுத்து மூச்சுப் பயிற்சியில் இறங்கிவிடுவேன். அது முன்னேற்றம் என்றே எண்ணியிருந்தேன். அவரோ, தப்பித்து ஓடுவதற்கு முன்பு கால் பயன்பட்டது, இப்போது கைப்பேசி பயன்படுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு என்றார். அந்த இடத்தை விட்டு அகல்வதற்கு அன்று, அந்த இடத்திலேயே இருப்பதற்குத்தான் பயிற்சி பயன்பட வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். தவிர்த்தல் இந்த நோயின் தூண்களில் ஒன்று. சமாளிக்கும் கருவியே தவிர்ப்பதற்கான கருவியாக மாறிவிடக்கூடும். செயலியைத் தனியாகப் பயன்படுத்துவோருக்கு இதைச் சொல்ல எதிரில் ஆள் இருக்காது. தேநீர்க் கடை பெஞ்சுக்கு நான் போகத் தொடங்கியது இந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

நான்காவது பகுதியான உதவி தேடல் நமக்கு அப்படியே பயன்படாது. அதில் வருபவை அமெரிக்க நெருக்கடி எண்களும் அந்நாட்டு மருத்துவ அமைப்புகளும்தாம். ஆனால் நமக்கு வேண்டியவர்களின் எண்களை அதில் சேர்த்துக்கொள்ளலாம். செயலியை நிறுவியதும் முதல் வேலையாக 14416ஐ அதில் இடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி-மானஸ்’ என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நாள் முழுவதும் தமிழில் பேசுகிறார்கள். மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நான் போய்ச் சேர்ந்ததே மகள் அந்த எண்ணை அழைத்துக் கொடுத்ததால்தான். ஆப்கானிஸ்தான் என்று நான் சொன்னதும் எதிர்முனையில் பேசியவர் ஆர்மியா என்று கேட்கவில்லை; அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்.

தொழிலாளர் என்ற முறையில் எனக்கு வேண்டியிருந்த ஒரு தகவல் மட்டும் இதில் இல்லை. அமெரிக்க அரசின் ஒப்பந்தங்களின் கீழ் அயல்நாட்டுத் தளங்களில் வேலை பார்த்தவர்களுக்கு, அவர்கள் எந்நாட்டுக் குடிமக்களாயினும், பணியால் நேர்ந்த பாதிப்புக்கு மருத்துவச் செலவும் இழப்பீடும் கிடைக்க 1941ஆம் ஆண்டின் ‘டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட்’ என்ற சட்டம் வழிசெய்கிறது. மனப்பாதிப்பும் அதில் அடங்கும். உரிமை கோரக் காலக்கெடுவும் உண்டு. என்னை வேலைக்கு எடுத்த நிறுவனமோ, பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய ஏஜெண்டோ இப்படியொரு சட்டம் இருப்பதாக வாய் திறந்ததில்லை. படைவீரருக்குத் திரும்பிவரத் துறையும் மருத்துவமனையும் உடனிருந்தோர் சங்கமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து துபாயில் வெவ்வேறு விமானங்களில் ஏறிய நாங்கள் அதன்பின் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரிலிருந்து மீட்கப்பட்டு வந்த 46 செவிலியரைக் கொச்சி விமான நிலையத்தில் வரவேற்ற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இவர்கள் அடுத்த மாதம் எப்படித் தூங்குவார்கள் என்றுதான் நினைத்தேன்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இருப்பவர்களுக்கும், மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் தடுமாறிக்கொண்டிருப்பவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். குடியை நிறுத்த முடியாமல் தவிப்பவருக்கு இது மட்டும் போதாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர் செயலியைத் திறந்துகொண்டிருக்காமல் நேரே 14416ஐ அழைக்க வேண்டும். குடும்பத்தினருக்கென்று ‘பி.டி.எஸ்.டி. ஃபேமிலி கோச்’ என்ற தனிச் செயலியும் உண்டு. என் மனைவி இரண்டு நாள் பார்த்துவிட்டு, இதில் சொல்வதையெல்லாம் பத்து வருடமாகச் செய்துகொண்டுதானே இருக்கிறேன் என்று மூடி வைத்துவிட்டார்.

என் எண்ணிக்கை இப்போது 27. சாவு வீட்டு வேட்டுக்கு இன்னும் போகவில்லை. மகள் பேசிய தமிழ்ப் பதிவை, தளத்தில் உடனிருந்தவர்களில் தேடிப் பிடித்த இருவருக்கு அனுப்பினேன். ஒருவர் தினமும் கேட்பதாகச் சொல்கிறார். லாரி ஓட்டுநரோ, மூன்றாவது நிமிடத்தில் பின்னணியில் குக்கர் விசில் அடிக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறு பதிவு அனுப்பும்படி கேட்டிருக்கிறார்.